பெட்ரோல் இல்லாத மாருதி

3.10.2005, திங்கள்

எங்கள் புரொபசர் சம்பத் சாரிடமிருந்து மெயில். கனடாவில் மரமெல்லாம் சிவந்துவிட்டதாம், படம் அனுப்பியிருக்கிறார். கடைசி வரியில்தான் வேலை: "கமிட்டி வருவதற்குள் ஸ்டாக்கை நூறு மணி நேரம் ஓட்டி ரீடிங் எடுத்துவிடு, தேவசேனா." எடுத்துவிடுகிறேன் சார். நீங்கள் மரம் பாருங்கள்.

ஜூன் மாதம் இவர் விமானம் ஏறியபோது என் தலையில் கட்டிவிட்டுப் போனது என்ன? இஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டார் வைத்த ஒரு பழைய மாருதி. அதன் டிக்கியில் நாற்பது செல் அடுக்கிய ஃப்யூயல் செல் ஸ்டாக். இரண்டு சிவப்பு சிலிண்டர். நானோ டிப்ளமோ படித்த லேப் டெக்னீஷியன். பி.எச்டி. வாங்கியவர்கள் ஒருவர்கூட இந்த ஷெட்டுக்குள் காலை வைப்பதில்லை. வெடித்துவிடும் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்கிறார்களாம்.

மத்தியானம் மூன்றாம் வருடப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். நூறாவது முறையாகச் சொன்னேன். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறு பக்கம் காற்று, நடுவில் காகிதம் மாதிரி ஒரு சவ்வு. சவ்வில் இரண்டும் சேரும்போது கரண்ட் வரும், பின்னால் குழாயில் தண்ணீர் சொட்டும். புகை கிடையாது. சவ்வு காயக் கூடாது, அதனால் ஹைட்ரஜனை ஒரு தண்ணீர் பாட்டில் வழியாக விட்டு ஈரமாக்கி அனுப்புகிறோம். எல்லாம் கேட்டுவிட்டு ஒருத்தி கேட்டாள், "மேடம், கேம்பஸ் இன்டர்வியூல இதுல இருந்து கேப்பாங்களா?" கேட்க மாட்டார்கள் தாயே. போய் ஜாவா படி.

சாயங்காலம் காலேஜ் கரஸ்பாண்டென்ட் சிட்டிபாபு எட்டிப் பார்த்தார். "நவம்பர் ஏழு, டெல்லி கமிட்டி. வாள்ளு சரி அண்டே உன் லேப் உண்டுந்தி. லேதா, இந்த ஷெட்ல நாப்பது கம்ப்யூட்டர் போடறேன்மா." அவர்கள் சரி என்றால்தான் என் லேப் இருக்குமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அளவெடுக்கிற டேப்போடு வந்திருந்தார், அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

6.10.2005, வியாழன்

ஓடியது. மூன்று பேர் உட்கார்ந்து, ஷெட்டிலிருந்து மெயின் கேட் வரை போய், கேன்டீன் மேட்டில் ஏறி, திரும்பி வந்தது. இருபத்தாறு வோல்ட், அசையவே இல்லை.

ஓட்டியது வீராசாமி அண்ணன். காலேஜ் பஸ் டிரைவர். காலையில் புத்தூர் டிரிப் முடித்ததும் சாயங்கால டிரிப் வரை மற்ற டிரைவர்கள் மரத்தடியில் சீட்டு ஆடுவார்கள், இவர் மட்டும் இங்கே வந்து நிற்பார். வால்வு திறக்கத் தெரியும், மீட்டர் பார்க்கத் தெரியும். படித்தது தெலுங்கு ஸ்கூலில் ஐந்தாவது வரை, ஆனால் எண் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். இந்தக் காலேஜில் எனக்கு இருக்கிற ஒரே அசிஸ்டென்ட், அதுவும் சம்பளமில்லாத அசிஸ்டென்ட்.

"சத்தமே இல்ல மேடம். வண்டி போவுதா, ரோடு போவுதான்னே தெரில" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணில் தூசி என்று சொன்னேன்.

11.10.2005, செவ்வாய்

ஆயுத பூஜை. சண்டை.

பஸ் பதினொன்றுக்கும் மாலை போட்டு, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்து தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டமே என் ஷெட்டைப் பார்த்து வருகிறது. ஓடிப்போய் வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இரண்டு சிலிண்டர் ஹைட்ரஜன். ஒரு சின்னக் கசிவு இருந்தால் போதும். கற்பூரம் கிடையாது, ஊதுபத்தி கிடையாது, நெருப்பு என்று எதுவும் கிடையாது, பின்னால் போங்கள் என்று கத்தினேன்.

சிட்டிபாபுவின் முகம் தொங்கிவிட்டது. "பூஜை லேகுண்டா வண்டி எப்படிம்மா?" என்றார், பூஜை இல்லாமல் எடுப்பதா என்று. வீராசாமி அண்ணன்தான் தட்டை வாங்கித் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார். அவருக்கும் மனசு ஆறவில்லை. "ஒரு எலுமிச்சங்காவாவது டயருக்கு வெக்கலாமே மேடம். சாமி பேரு சொல்லாத ஒரு வண்டிய நான் இது வரிக்கும் எடுத்ததில்ல." எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வைத்தார். ஆனால் அது போதவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

14.10.2005, வெள்ளி

என் வீட்டுக்காரருடைய பெரியப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கருமாதி, சோளிங்கரில். மூன்று நாள் போயாக வேண்டும். "மூத்த மருமக வராம போனா நல்லா இருக்காது" என்கிறார் இவர். நூறு மணி நேரத்தில் அறுபத்திரண்டுதான் முடிந்திருக்கிறது, நின்றால் எப்படி முடிப்பேன்? அதைக் கேட்க யாருமில்லை.

வீராசாமி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கும் திங்கட்கிழமையும் ஆறு ஆறு மணி நேரம் ஓட்டுங்கள், அரை மணிக்கொரு தடவை ரீடிங் எழுதுங்கள், பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் ஊற்றுங்கள், தண்ணீர் மட்டும் சுத்தமாக இருக்கணும் என்று. இதற்கு அனுமதி கிடையாது. லேப் ஸ்டாஃப் அல்லாதவர் சிலிண்டரைத் தொடக் கூடாது என்று நானே வாசலில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

சோளிங்கர் பஸ்ஸுக்குத் துணி எடுத்து வைக்க வேண்டும்.

18.10.2005, செவ்வாய்

இருபத்தாறு வோல்ட் இருந்தது. இன்று பதினேழு.

வீராசாமி அண்ணன் ரீடிங் எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இருபத்தாறு. பன்னிரண்டுக்கு இருபத்தைந்து. இரண்டுக்கு இருபத்திரண்டு. ஒரு அரை மணி நேரம்கூட விடவில்லை. நான் பார்க்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "நான் எதியும் தொடல மேடம். சொன்ன மேரியேதான் செஞ்சேன்."

உங்களைச் சொல்லவில்லை என்றேன்.

19.10.2005, புதன்

பதினாறு. ஏன்?

21.10.2005, வெள்ளி

மழை கொட்டுகிறது. கேஸ் லைன் முழுக்க சோப்பு நுரை தடவிப் பார்த்தாகிவிட்டது, கசிவில்லை. காற்றுப் பம்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹைட்ரஜன் நுழையும் பக்கத்திலிருக்கும் பதினேழு செல்லும் கிட்டத்தட்டப் பிணம். கடைசிப் பக்கம் இருப்பவைதான் ஏதோ மூச்சு விடுகின்றன. அப்படியென்றால் ஹைட்ரஜனோடுதான் எதுவோ உள்ளே போயிருக்கிறது. என்ன?

சம்பத் சாருக்கு மெயில் போட்டேன். பதில்: "விசித்திரமாக இருக்கிறதே. காரணத்தைக் கண்டுபிடித்து எழுது." அடேயப்பா. இதற்குத்தான் கடல் தாண்டிப் போய் ஆராய்ச்சி செய்கிறீர்கள்.

வீட்டில் இவர், "உன் வண்டிக்கு இன்னா ஒடம்பு சரியில்லியா?" என்று கேலி செய்தார். சோற்றுத் தட்டைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன்.

22.10.2005, சனி

கண்டுபிடித்துவிட்டேன்.

ஈரமாக்குகிற பாட்டிலைக் கழற்றி மூடியைத் திறந்தேன். பச்சைக் கற்பூர வாசனை. கூடவே கிராம்பு. அடியில் ஒரு துளசி இலை, கறுத்துப்போய். கோயிலில் கையில் வாங்கிக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் தடவிக்கொள்வோமே, அதே வாசனை. ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

வீராசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார். இந்த ஷெட்டுக்குள் அவர் எப்போதும் அப்படித்தான் வருவார்.

"ஆமா மேடம். பொரட்டாசி கடைசி சனிக்கெழம இல்ல. கார்வேட்டிநகரம் போயி பெருமாள் தீர்த்தம் வாங்கியாந்தேன். நம்ம வண்டிக்குத்தான் பூஜையே பண்ணலியே."

"பாட்டில்ல ஊத்தினீங்களா?"

"நெருப்பு கூடாதுன்னு சொன்னீங்க. தண்ணி கூடாதுன்னு சொல்லலியே. சுத்தமான தண்ணி ஊத்தச் சொன்னீங்க, இதவுட சுத்தம் இன்னா கீது? தீர்த்தத்த கீழ ஊத்தக் கூடாதுன்னு வாய் வரிக்கும் ஊத்தினேன்."

வாய் வரைக்கும். அதுதான் குமிழியோடு பொங்கி நேராக ஸ்டாக்குக்குள் போயிருக்கிறது. கிணற்று நீரின் சுண்ணாம்பு சவ்வில் ஏறியிருக்கும், கற்பூரம் சவ்வின் மேல் பூசிய பிளாட்டினத்தில் படிந்திருக்கும். நான் என்னென்ன பேசினேன் என்று இப்போது நினைக்கவே கூசுகிறது. மூளை இருக்கா என்று கேட்டேன். ஐந்தாங்கிளாஸ் படித்தவனை நம்பினேனே என்றேன். என்னைவிட இருபது வயது மூத்த மனுஷன். "எனக்கு நல்லதுன்னு பட்டுச்சி மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் போன பிறகு லாக் புத்தகத்தைத் திறந்தேன். எண் போட்ட பக்கங்கள், மையால்தான் எழுதணும், கிழிக்கக் கூடாது. இங்கிலீஷில் எழுதினேன்: 15ஆம் தேதி, டிரைவர் வீராசாமி, வித்தவுட் பெர்மிஷன், கோயில் தீர்த்தத்தை ஊற்றியிருக்கிறார். அழுத்தி எழுதியதில் பின்பக்கமெல்லாம் தடம் விழுந்துவிட்டது.

கிளம்பும்போது டிஸ்டில்ட் வாட்டர் கேனைத் தூக்கிப் பார்த்தேன். காலி. போன வெள்ளிக்கிழமையே காலியாகத்தான் இருந்திருக்கிறது. நான் பார்க்காமலே போயிருக்கிறேன். அவர் எதைத்தான் ஊற்றியிருப்பார்?

அதை லாக்கில் எழுதவில்லை.

25.10.2005, செவ்வாய்

ஸ்டாக்கைப் பிரித்தேன். நாற்பது செல்லையும். தண்ணீர் கலந்த ஆசிடில் ஊறவைத்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசி அலசி, சவ்வு சவ்வாகத் திரும்ப அடுக்குகிறேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிகிறது. வீராசாமி அண்ணன் ஆறு கேன் டிஸ்டில்ட் வாட்டரைத் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

உள்ளே வாங்க என்று நான் கூப்பிட்டிருக்கலாம்.

29.10.2005, சனி

ஆறு செல் பிழைத்தது. பதினொன்று போனது போனதுதான், அவற்றை ஒதுக்கிவிட்டேன். மீதி இருபத்தொன்பது. டிரைவர் மட்டும் உட்கார்ந்தால் வண்டி நகர்கிறது, நடக்கிற வேகத்தில். கேன்டீன் மேடு ஏறவில்லை.

சிட்டிபாபுவிடம் நடந்ததைச் சொன்னேன், தீர்த்தத்தை விட்டுவிட்டு. சவ்வு கெட்டுவிட்டது என்று மட்டும். "சீட்டு கிந்த நாலு பஸ் பேட்டரி பெட்டி நடுபு. எவரிக்கி தெலுஸ்துந்தி?" சீட்டுக்கு அடியில் பேட்டரி ஒளித்துவைத்து ஓட்டணுமாம், யாருக்குத் தெரியப்போகிறதாம். பின்னால் தண்ணீர் சொட்ட வேண்டுமே என்றேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபில் தண்ணீர் நிரப்பி சைலன்சரில் மாட்டிவிடலாமாம்.

முடியாது என்றேன்.

"லேப் போயிடும்மா" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாவப்பட்டுச் சொன்னார்.

போகட்டும். பொய் சொல்லித்தான் இந்த லேப் நிற்கணும் என்றால் நிற்க வேண்டாம். இருபத்தொன்பது செல்லில் எவ்வளவு போகுமோ அவ்வளவு போகட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும். இதை எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.

1.11.2005, செவ்வாய்

தீபாவளி. லேப் சாவியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

7.11.2005, திங்கள்

கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் மணி பார்த்தபடியே இருந்தார்கள். மூன்றாவது ஒரு வயதான அம்மா, பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. அவர் மட்டும் குனிந்து குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

வீராசாமி அண்ணன் ஓட்டினார். காலையில் நானே போய்க் கேட்டேன். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். ஷெட்டிலிருந்து கொடிக்கம்பம் வரை போனது. அந்த அம்மா வண்டியோடு கூடவே நடந்தார், அவ்வளவுதான் வேகம். மேட்டின் பாதியில் நின்றுவிட்டது. அண்ணன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மா மட்டும் குழாய்க்குக் கீழே கையை நீட்டி, நாலு சொட்டுத் தண்ணீரைப் பிடித்து மோந்து பார்த்தார்.

பிறகு லாக் புத்தகத்தைக் கேட்டார். மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தார். அக்டோபர் பதினைந்தாம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்து இங்கிலீஷில் சொன்னார்: செல் சாகும்போது இப்படி அரை மணிக்கொரு தடவை உட்கார்ந்து யாரும் எழுதுவதில்லை, பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள், இது ரொம்ப உபயோகமான ரீடிங், யார் எடுத்தது?

சிட்டிபாபு பக்கத்தில் நிற்கிறார். டிரைவர் என்று சொன்னால், டிரைவரை யார் உள்ளே விட்டது என்று அடுத்த கேள்வி வரும்.

"நாங்கள்தான் மேடம்" என்றேன்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். தீர்த்தத்தைப் படித்ததும் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் மற்ற இரண்டு பேரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்து, உரக்கப் படித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிட்டிபாபுவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. வீராசாமி அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, எல்லாரும் சிரிக்கிறார்களே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

9.11.2005, புதன்

வீராசாமி அண்ணனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சிட்டிபாபு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "டெல்லிவாள்ளு முந்தர நா பருவு போயிந்தி. பர்மிஷன் லேகுண்டா லேப்ல கை வெச்சிருக்கான். நீயே ராசினாவு கதா?" டெல்லிக்காரர்கள் முன்னால் மானம் போய்விட்டதாம், நீயேதானே எழுதியிருக்கிறாய் என்கிறார். லாக்கைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஆமாம், என் கையெழுத்துதான். வித்தவுட் பெர்மிஷன்.

சார், நான்தான் சொல்லிவிட்டுப் போனேன், என்று சொல்லவேண்டியதுதானே? நாலே வார்த்தை. வாயில் வந்து நின்றது. லேப் கதை இன்னும் முடிவாகவில்லை, ரிப்போர்ட் வரணும், இந்த நேரத்தில் நான் வெளியே போனால் எல்லாம் மண்ணாகிவிடும் என்று ஒரு கணக்கு போட்டேன். "சரி சார்" என்றேன். சரி சார். அதையா சொன்னேன்? அதைத்தான் சொன்னேன்.

10.11.2005, வியாழன்

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

14.11.2005, திங்கள்

சிட்டிபாபு ஹைதராபாத் போயிருக்கிறார். வர ஒரு வாரமாகும். மரத்தடியில் சீட்டு ஆடுகிற டிரைவர்களிடம் வீராசாமி அண்ணனைப் பற்றிக் கேட்டேன். "அவரு கடப்பாவுல ஏஜென்ட பாக்கப் போய்க்கினு கீறாரு மேடம். குவைத்துக்கு" என்றான் ஒருவன்.

குவைத்துக்கா? ஐம்பத்திரண்டு வயதில்?

22.11.2005, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கேனிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டிபாபு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இப்ப எந்துக்கம்மா இதெல்லாம்? புது டிரைவர் போட்டாச்சு" என்றார். என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

புத்தூரில் வீராசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். பூட்டு. பம்பாயில் மெடிக்கல் டெஸ்டாம், அப்படியே விமானமாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மனைவி கமலம்மா தம்பி வீட்டில் இருக்கிறாராம்.

2.12.2005, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. பதிவேடுகள் மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளன என்று ஒரு வரி. திட்டத்தைத் தொடர்வதற்கில்லை என்று அடுத்த வரி.

நாற்பது கம்ப்யூட்டர் திங்கட்கிழமை வருகிறது. பவர் பாயின்ட் எங்கெங்கே வைக்கணும் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். காட்டினேன்.

16.8.2006, புதன்

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் கமலம்மா அக்காவைப் பார்த்தேன். முதலில் தூண் மறைவில் ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா கீறியாம்மா? இன்னா இப்டி எளச்சிப்போயிட்ட?"

அண்ணன் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கிறாராம். பெரிய வண்டியாம். வெயிலைத்தான் தாங்க முடியவில்லையாம், இரண்டு வருஷம் முடியாமல் அனுப்ப மாட்டார்களாம். லாக்கில் நான் எழுதியது அக்காவுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. மேட்டில் வண்டி நின்றுபோன கோபத்தில் முதலாளி நிறுத்திவிட்டார் என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"போன் பண்ணா மொதல்ல உன் வண்டியத்தான் கேக்கறாரும்மா. நான் தண்ணி ஊத்தி பாழாக்கினனே, மேடம் அத சரி பண்ணிட்டாங்களா, ஓடுதான்னு. அங்க சோறு துன்னாங்கூட எறங்கலியாம். நான் இன்னாத்த சொல்றது? எனக்கு இன்னா தெரியும்?"

ஷெட்டில் கம்ப்யூட்டர். மாருதி கேன்டீன் பின்னால் நிற்கிறது, நாலு டயரும் தரையில் உட்கார்ந்து எட்டு மாசம் ஆகிறது. சிலிண்டரைக் கம்பெனிக்காரன் எடுத்துப்போய்விட்டான்.

"ஓடுதுக்கா" என்றேன்.

"நெஜமாவா?"

"நெஜமா. மேடெல்லாம் ஏறுது. அவர் போன கொஞ்ச நாள்லயே சரியாயிடுச்சி, அவர் ஊத்தினதால ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்க."

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எவ்வளவு தூரம் போகுது, கேட்டா சொல்லணுமே என்றார். திருப்பதி வரைக்கும் போய்விட்டு வருது என்றேன்.